அப்பீலில் நஷ்டஈட்டுக் கணக்கு எங்கே மாறும்

வேலையில் அடிபட்டு, நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டு, வருடக்கணக்கில் இழுத்து ஒரு உத்தரவு கைக்கு வந்ததும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ஹைகோர்ட் போனால் ஏத்திக் கொடுப்பாங்களா என்பதுதான். டீக்கடையில் ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும். ஜட்ஜ் மனசு வைத்தால் டபுளாகிவிடும் என்பார் ஒருவர், கையில் இருப்பதும் போய்விடும் என்பார் இன்னொருவர். தயவுசெய்து இரண்டையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். இந்தத் தொகை பெருக்கிப் போடுகிற ஒரு கணக்கு. அப்பீலில் அந்தக் கணக்கின் எந்த எண் மாறும், எது மாறாது என்று தெரிந்தால்தான் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கவே முடியும். எங்கள் பெரியம்மா மகனின் கேஸில் ஆரம்பத்திலிருந்து கூடவே அலைந்ததில் எனக்குத் தெரியவந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் டிரெய்லர் டிரைவர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகம் போகிற கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்குமே, அதில் பாதி வாழ்க்கை கழிந்தது அவருக்கு. 2021-ல் ஒரு யார்டில் லாக் சரிபார்க்க இறங்கினபோது வண்டி உருண்டு வலது கால் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. காலை எடுக்கவில்லை, பிளேட் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் கணுக்கால் மடங்காது. அப்போது அவருக்கு 41 வயது. தவறு யாருடையது என்ற சண்டைக்குப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இடம் மிகக் குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய டிரைவர்கள் 'நான்தானே ஹேண்ட் பிரேக் போடல' என்று பயந்துகொண்டு மனுவே போடாமல் இருக்கிறார்கள். வேலையின் போது, வேலையின் காரணமாக விபத்து நடந்ததா என்பதுதான் கேள்வி. அந்தச் சட்டத்தில் மனுப் போட 2 வருடம் அவகாசம்.

சட்டம் 1923-ல் வந்தது. 2010 ஜனவரி வரை 'வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன்', அதற்கப்புறம் 'எம்ப்ளாயீஸ் காம்பன்சேஷன்', தமிழில் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21-க்கு முன் நடந்த விபத்துகளுக்கு இதுதான், நான் இங்கே சொல்வதும் இதை வைத்துத்தான். விசாரிப்பவர் தொழிலாளர் துணை ஆணையர். வக்கீல்கள் டி.சி.எல். கோர்ட்டு என்பார்கள்.

கணக்கு இப்படி: ஒருவர் நிரந்தரமாக முழுக்க முடங்கிப்போனால், மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, அவர் வயதுக்குச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் போட்டிருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். 41 வயதுக்கு அந்த எண் 181.37. இருபதில் 224, ஐம்பதில் 153.09, வயது கூடக் கூட இறங்கிக்கொண்டே போகும். இறந்துபோனவருக்கு 60-க்குப் பதில் 50 சதவீதம். பகுதி முடக்கம் என்றால், வந்த முழுத் தொகையில் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனதோ அத்தனை சதவீதம். அதன் மேல் வட்டி. ஆக சம்பளம், வயது, சதவீதம், வட்டி, இந்த நாலைத் தவிர அப்பீலில் மாற வேறு ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் படிப்பு, வாங்கின கடன், வீட்டு வாடகை எல்லாம் உண்மைதான், ஆனால் அவை இந்தக் கணக்குக்குள் வராது.

அண்ணனுக்கு முதலில் வந்த உத்தரவில் சம்பளம் 11,000 என்று எடுத்திருந்தார்கள், அவ்வளவுதான் கொடுத்தேன் என்று லாரி ஓனர் சொன்னது அது. அதில் 60 சதவீதம் 6,600. அதை 181.37-ஆல் பெருக்கினால் 11,97,042. ஊனம் 40 சதவீதம் என்று போட்டதால் கைக்கு வருவது 4,78,817 ரூபாய். வட்டியோ, உத்தரவு தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால் மட்டும் என்று எழுதியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் இது பெரிய தொகையாகத்தான் தெரிந்தது. அண்ணி மட்டும், இவர் இனிமேல் வண்டியே ஓட்ட முடியாதே, அப்புறம் எப்படி நாற்பதுதான் போச்சுன்னு சொல்றாங்க என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் முழு அப்பீலும் அடங்கியிருந்தது.

சதவீதத்தை விளக்கமாகவே சொல்ல வேண்டும், பணம் அதிகமாகக் கைநழுவுவது இங்கேதான். டாக்டர் கொடுக்கும் டிசபிலிட்டி சர்டிபிகேட்டில் இருப்பது உடல் ஊனம். கால் எவ்வளவு மடங்குகிறது, எலும்பு எவ்வளவு குட்டை என்று அளந்து போடுவது. அரசின் ஊனமுற்றோர் அடையாள அட்டையில் இருப்பதும் அதுதான். நஷ்டஈட்டுச் சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போச்சு என்று. ஒரு கணக்கப்பிள்ளைக்குக் கணுக்கால் மடங்காவிட்டால் வேலை போகாது, டிரெய்லர் டிரைவருக்குப் பிரேக்கை மிதிக்க முடியாவிட்டால் பிழைப்பே போச்சு. உடல் ஊனம் இருவருக்கும் ஒரே 40. இழப்பு ஒன்றா?

சில காயங்களுக்குச் சட்டமே முதல் அட்டவணையில் சதவீதம் போட்டிருக்கிறது. கட்டைவிரல் போனால் 30, ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14, ஒரு கையில் நாலு விரலும் போனால் 50. பிரஸ் மெஷினில் விரல் விட்டவர்களுக்கு இதை வைத்துத்தான் போடுகிறார்கள். அட்டவணையில் இல்லாத காயம், அதாவது அண்ணனுடையது மாதிரி எலும்பு நொறுங்கி ஒட்டவைத்தது, மூட்டு இறுகியது, நரம்பு அடிபட்டது என்றால், தகுதியுள்ள மருத்துவர் சம்பாதிக்கும் திறன் இழப்பை மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அட்டவணையில் இருக்கும் காயமானாலும், விபத்துக்கு முன் தன்னால் செய்ய முடிந்த வேலை எதையும் இனிச் செய்ய முடியாது என்றால் அது முழு முடக்கம்தான். இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. 1975 டிசம்பரில் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு, முழங்கைக்கு மேல் இடது கை போன ஒரு தச்சர். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் இழப்பு 100 சதவீதம் என்றார்கள். 2008-ல் ஜனார்தன் வழக்கு, டேங்கர் டிரைவர், வலது கால் முழங்கால் வரை போய்விட்டது. டாக்டர் 65 என்றார், ஆணையர் 100 போட்டார், ஹைகோர்ட் 65-க்கு இறக்கியது, உச்ச நீதிமன்றம் மறுபடி 100-க்கே கொண்டுவந்தது. டிரைவராக இருக்கிற யாரும் இந்த ஜனார்தன் வழக்கை வக்கீலிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். அதே சமயம், ஓனரோ கம்பெனியோ அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுத்து வைத்துக்கொண்டால் முழு இழப்பு என்று வாதாடுவது கஷ்டம், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணன் கேஸில் எங்களைக் காப்பாற்றியது டாக்டரின் வாய்மொழி சாட்சியம். சர்டிபிகேட்டில் 40 என்று இருந்தாலும், விசாரணைக்கு வந்தபோது இவர் கனரக வாகனம் ஓட்டத் தகுதியில்லாதவர், சம்பாதிக்கும் திறன் இழப்பு 75 சதவீதம் என்று அவர் சொல்லியிருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணை செய்தும் அதை மாற்ற முடியவில்லை. உத்தரவில் அந்த 75 பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நஷ்டஈட்டு வழக்கில் ஹைகோர்ட் முழுக் கேஸையும் திரும்பப் பிரித்து விசாரிக்காது. சட்டத்தின் 30-ஆவது பிரிவு, சட்டம் சார்ந்த முக்கியக் கேள்வி இருந்தால் மட்டும்தான் அப்பீல் என்கிறது. சம்பளம் எவ்வளவு, ஊனம் எவ்வளவு என்ற உண்மைகளில் ஆணையர் சொல்வதே கடைசி வார்த்தை என்று 2016-ல் கோல்லா ராஜண்ணா வழக்கில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் அது தொழிலாளிக்குச் சாதகமாக அமைந்தது, ஹைகோர்ட் இறக்கின சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அதே விதி நம்மையும் கட்டும். நாற்பது போதாது, அறுபது வேண்டும் என்று சும்மா கேட்டால் தள்ளுபடிதான். ஃபைலில் இருக்கிற சாட்சியத்தைப் பார்க்காமலே விட்டுவிட்டார், உடல் ஊனத்தைச் சம்பாதிக்கும் திறன் இழப்பாக எடுத்துக்கொண்டார், வயது எண்ணைத் தப்பாகப் போட்டார், வட்டியைத் தப்பான தேதியிலிருந்து கொடுத்தார், இதெல்லாம்தான் சட்டக் கேள்வி ஆகும். ஆக அப்பீலில் எண் மாற வேண்டும் என்றால் அதற்கான காகிதமும் சாட்சியும் முதல் விசாரணையிலேயே ஃபைலில் ஏறியிருக்க வேண்டும். டி.சி.எல். விசாரணை நடக்கும்போது, இப்போ எதுக்கு இவ்வளவு பேப்பர், அப்பீலில் பாத்துக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சம்பளத்துக்கும் இதே கதை. லாரித் தொழிலில் சம்பளச் சீட்டு கொடுக்கும் ஓனர் அபூர்வம். மாதச் சம்பளம் கொஞ்சம், டிரிப்புக்குப் பேட்டா, மிச்சம் கையில். பேட்டா என்பது வழிச்செலவுக்குக் கொடுத்தது, சம்பளத்தில் சேராது என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதாடும், சட்டத்தில் வேலையின் தன்மையால் வரும் விசேஷச் செலவுக்கான பணத்தைச் சம்பளத்திலிருந்து விலக்கியும் வைத்திருக்கிறார்கள். அதனால் மாதாமாதம் அக்கவுண்டில் விழுகிற தொகைதான் பலமான சாட்சி. அண்ணனுக்கு ஓனர் வங்கி வழியாக மாதம் 15,500 போட்டிருந்தார். அந்த ஸ்டேட்மெண்ட் ஆவணமாகக் குறியிடப்பட்டிருந்தது, ஓனர் வாய்ச்சொல்லை நம்பி அதை ஒதுக்கியது தவறு என்று ஹைகோர்ட் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 15,500 முழுதாக வராது. 2020 ஜனவரி 3 முதல் கணக்குக்கு எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000. அதற்கு முன் 2010 மே 31 முதல் 8,000, அதற்கும் முன் 4,000.

எந்த உச்சவரம்பு என்பது விபத்து நடந்த தேதியைப் பொறுத்தது. உத்தரவு வந்த தேதியோ அப்பீல் தீர்ப்பு வந்த தேதியோ எடுபடாது. சென்னை ஹைகோர்ட்டிலிருந்து போன கே. சிவராமன் வழக்கில் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பின்னால் வந்த திருத்தம் முன்னால் நடந்த விபத்துக்குப் பொருந்தாது. அதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரே வயது, 15,000-க்குக் குறையாத ஒரே சம்பளம், ஒரே காயம் உள்ள இரண்டு டிரைவர்கள், இருவருக்கும் 41 வயது, முழு முடக்கம். ஒருவருக்கு 2019 டிசம்பரில் விபத்து, இன்னொருவருக்கு 2020 பிப்ரவரியில். முதல் ஆளுக்கு 8,70,576, இரண்டாவது ஆளுக்கு 16,32,330. மார்க்கெட்டில் அரிசி விலை இருவருக்கும் ஒன்றுதான். பத்து வருடத்துக்கு ஒரு தடவை நினைவு வந்தால் மட்டும் உச்சவரம்பை உயர்த்துகிற இந்தப் பழக்கம் மாறவேண்டும், பஞ்சப்படி மாதிரி விலைவாசியோடு தானாக ஏறவேண்டும் என்று தொழிற்சங்கங்கள் விடாமல் கேட்க வேண்டும்.

வயதில் அதிகம் சொல்ல இல்லை. விபத்துக்கு முன் கடைசியாக முடிந்த பிறந்தநாளின் வயதுதான் எண். லைசென்ஸில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று இருந்தால் பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள்.

வட்டி வருடத்துக்கு 12 சதவீதம், தனிவட்டி. விபத்து நடந்த அன்றே தொகை பாக்கி ஆகிவிடுகிறது, ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் விபத்து நாளிலிருந்தே வட்டி ஓட வேண்டும். உத்தரவு வந்த பிறகுதான் வட்டி என்று எழுதுவது தவறு என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது, 2012-ல் சிபி ஜார்ஜ் வழக்கில், மறுபடி 2022-ல் ஷோபா வழக்கில். இருந்தும் உத்தரவுகளில் இந்தத் தவறு வருகிறது. இது சுத்தமான சட்டக் கேள்வி என்பதால் அப்பீலில் திருத்துவதும் சுலபம். வட்டி போக, நியாயமான காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். வட்டியை இன்சூரன்ஸ் கட்டும், அபராதத்தை முதலாளிதான் கட்ட வேண்டும்.

கடைசியில் அண்ணனுக்கு வந்த கணக்கு: 15,000-ல் 60 சதவீதம் 9,000, 181.37-ஆல் பெருக்கி 16,32,330, அதில் 75 சதவீதம் 12,24,248. இந்தத் தொகைக்கு ஒரு வருட வட்டியே ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் விபத்து நாளிலிருந்து. முதலில் வந்த 4,78,817-ஐ வாங்கிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். நாங்கள் 100 கேட்டோம், 75-தான் கிடைத்தது, ஏனென்றால் ஃபைலில் டாக்டர் சொன்னது 75.

அப்பீல் போட 60 நாள். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்பு மனுப் போடலாம், ஆனால் அதிலேயே மாதங்கள் போகும். எதிர்த்தரப்பு அப்பீல் போட்டால் பதறாதீர்கள். முதலாளி அப்பீல் போட வேண்டுமென்றால் உத்தரவிட்ட தொகையை ஆணையரிடம் கட்டி, கட்டியதற்கான சான்றிதழை அப்பீல் மனுவோடு இணைத்தே ஆகவேண்டும். அந்தப் பணம் பத்திரமாக இருக்கும், அதில் ஒரு பகுதியை இடையிலேயே எடுக்க ஹைகோர்ட்டில் அனுமதி கேட்கலாம். அவர்கள்தான் போட்டிருக்கிறார்களே, நாம் சும்மா இருக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தொகை கூட வேண்டும் என்றால் நம் தரப்பிலும் தனியாக அப்பீல் போட வேண்டும். அப்புறம், ஆணையர் முன் சமரசம் என்று கையெழுத்துப் போட்டு அதன்படி உத்தரவு வந்துவிட்டால் அதன் மேல் அப்பீலே கிடையாது. வெளியில் ஓனர் ஐம்பதாயிரம் கொடுத்து, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம், இந்தச் சட்டத்தில் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது.

மறுகணக்கு வரும்போது ஓனர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம், ஆஸ்பத்திரி பில் நான்தானே கட்டினேன், அதைக் கழிங்க என்பது. கழிக்க முடியாது. வைத்தியத்துக்குக் கொடுத்த பணம் நஷ்டஈடாகக் கொடுத்ததாக ஆகாது, மாறாக வைத்தியச் செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்று 2009 திருத்தத்தில் தனியாகவே சேர்த்திருக்கிறார்கள். தற்காலிக முடக்கத்துக்காகக் கொடுத்த அரைமாதப் பணம் இருந்தால் அது வேறு. சம்பளத்தில் 25 சதவீதம் அரைமாதத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் 5 வருடம். அந்த அரைமாதத் தொகையை மட்டும், உடல்நிலை மாறியது என்று மருத்துவச் சான்று வைத்து, அப்பீல் இல்லாமலே ஆணையரிடம் மறுபரிசீலனைக்குக் கேட்கலாம். கூடவும் செய்யும், குறையவும் செய்யும்.

ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்களுக்கு இந்த வழி இல்லை, அவர்கள் ஈ.எஸ்.ஐ. வழியில்தான் கேட்க வேண்டும். அங்கே மொத்தத் தொகைக்குப் பதில் ஆயுள் முழுக்க வரும் பணம். மருத்துவக் குழு சதவீதம் சொல்லும், சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதத்தில் அந்த அளவு கிடைக்கும். நாள் சம்பளம் 600 என்றால் முழு விகிதம் 540. குழு 10 சதவீதம் போட்டால் நாளுக்கு 54 ரூபாய். மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ ஈ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கோ போய் 25 ஆனால் நாளுக்கு 135, வித்தியாசம் 81, அது ஆயுள் முழுக்க. மணலி பக்கம் ஃபாக்டரிகளில் விரல் போன பையன்கள் 54 ரூபாய்க்கு எதுக்கு அலையணும் என்று விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இருபத்தைந்து வயதுப் பையனுக்கு நாளுக்கு 81 ரூபாய் என்றால் வருடத்துக்கு 29,565. அலையுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து 1923 சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. 60 சதவீதம், வயது எண் என்ற கணக்கு முறை அதிலும் அப்படியேதான் வருகிறது. அதற்கு முன் நடந்த விபத்துக்குக் கேஸ் நடத்துகிறவர்கள் விபத்துத் தேதியை வைத்தே பேசுங்கள்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து நிற்பவர்களுக்கு: தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் இலவச சட்ட உதவி 1987 சட்டத்தின்படி உரிமை, வருமானம் எவ்வளவு என்று பார்க்கமாட்டார்கள். பாரிமுனையில் ஹைகோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. டி.சி.எல். உத்தரவின் சான்றிட்ட நகல், மனு, சாட்சியங்களின் நகல், டாக்டர் சாட்சியம், வங்கி ஸ்டேட்மெண்ட், வயதுச் சான்று, இவற்றை ஒரே ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். உத்தரவு வந்து 60 நாள் என்பதால் முதல் வாரத்திலேயே நகலுக்கு மனுக் கொடுத்துவிடுங்கள்.